‘இந்த வயசுலயா?’ - பெருங்குடல் புற்றுநோயில் இளைஞர்களுக்கு ஒரு தவறு, முதியவர்களுக்கு வேறொரு தவறு

2020 ஆகஸ்ட் 28. ‘பிளாக் பேந்தர்’ நாயகன் சாட்விக் போஸ்மேன் இறந்துவிட்டதாக அவரது குடும்பம் சமூக வலைதளத்தில் அறிவித்தபோது பலரும் முதலில் நம்பவில்லை. வயது 43. காரணம், பெருங்குடல் புற்றுநோய். 2016-ல் மூன்றாம் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டு, நான்கு ஆண்டுகள் வெளியே தெரியாமல் சிகிச்சை எடுத்திருக்கிறார். அறுவை சிகிச்சைகளுக்கும் கீமோதெரபிக்கும் நடுவில்தான் பல படங்களில் நடித்தார் என்பதே அவர் போன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில், பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் இன்னொரு பிரபலத்துக்கு அதே நோய். வழக்கமான உடல் பரிசோதனைக்குப் போன கால்பந்து மன்னர் பெலேவுக்கு, பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. அப்போது அவருக்கு 80 வயது. அறுவை சிகிச்சை நடந்தது, பிறகு கீமோ. 2022 டிசம்பர் 29-ல், 82 வயதில் காலமானார்.

ஒருவருக்கு நோய் தெரிந்தபோது 40 வயதுகூட ஆகவில்லை. இன்னொருவருக்கு 80. ரிப்போர்ட்டில் எழுதப்படும் நோயின் பெயர் ஒன்றுதான். ஆனால் அது எப்போது கண்டுபிடிக்கப்படுகிறது, எவ்வளவு மருந்து கொடுக்கப்படுகிறது, வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பதெல்லாம் வயதைப் பொறுத்து மாறிவிடுகிறது. அந்த மாற்றங்களில் சிலவற்றுக்கு மருத்துவக் காரணம் உண்டு. சிலவற்றுக்கு இல்லை, வெறும் பழக்கம்.

நம் வீடுகளில் இரண்டு சந்தர்ப்பங்களில் கேட்கும் பேச்சு இது. 30 வயதுக்காரர், மலத்தில் ரத்தம் போகிறது என்று சொன்னால், “இந்த வயசுல கேன்சரா? சும்மா பயப்படாத, மூலமா இருக்கும்.” 75 வயது அப்பாவின் பயாப்ஸி முடிவு வந்துவிட்டால், “இந்த வயசுல கீமோவா? இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்.”

முதல் ‘இந்த வயசுல’ நோயைத் தாமதமாகக் கண்டுபிடிக்க வைக்கிறது. இரண்டாவது, கிடைக்க வேண்டிய சிகிச்சையைக் கிடைக்காமல் செய்கிறது. மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அதே 30 வயதுக்காரருக்கு நோய் உறுதியாகிவிட்டால் பேச்சு அப்படியே தலைகீழாகிவிடும்: “வயசுப் பையன், தாங்குவான் டாக்டர். இருக்கிற மருந்தெல்லாம் குடுங்க.” இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

இளைஞர்களுக்கு அதிகமாகிறதா?

பெருங்குடலையும் மலக்குடலையும் சேர்த்துத்தான் பெரும்பாலான புள்ளிவிவரங்கள் வருகின்றன. 2022-ல் உலகம் முழுக்கச் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாக இந்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இறந்தவர்கள் சுமார் 9 லட்சம். இன்றும் இது பெரும்பாலும் வயதானவர்களின் நோய்தான். அமெரிக்காவில் நோய் கண்டுபிடிக்கப்படும் சராசரி வயது 60-களின் நடுவில் இருக்கிறது.

ஆனால் அதே அமெரிக்காவில், 1995-ல் புதிய நோயாளிகளில் 11% பேர்தான் 55 வயதுக்குக் கீழே இருந்தார்கள். 2019-ல் அது 20%. 1990-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு, 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் அதே வயதில் இருந்தபோது இருந்ததைவிட, பெருங்குடல் புற்றுநோய் அபாயம் இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் அபாயம் நான்கு மடங்கு என்று 2017-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 50 வயதுக்குட்பட்ட ஆண்களைக் கொல்லும் புற்றுநோய்களில் இது முதலிடத்துக்கு வந்துவிட்டதாக அமெரிக்கப் புற்றுநோய் சங்கம் 2024-ல் சொன்னது. 1990-களின் இறுதியில் இது நான்காம் இடத்தில் இருந்தது.

ஏன் என்பதற்கு ஒற்றை பதில் இல்லை. உடல் பருமன், உட்கார்ந்தே இருக்கும் வேலை, பதப்படுத்திய உணவு எல்லாம் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. 2025-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டியது. 11 நாடுகளைச் சேர்ந்த 981 நோயாளிகளின் கட்டிகளை மரபணு அளவில் ஆராய்ந்தார்கள். சில குடல் பாக்டீரியாக்கள் சுரக்கும் ‘கோலிபாக்டின்’ என்ற நச்சு விட்டுச்செல்லும் தடயம், 70 வயதைத் தாண்டியவர்களைவிட 40 வயதுக்குட்பட்டவர்களின் கட்டிகளில் சுமார் மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. அதாவது, 35 வயதில் வரும் நோய்க்கான விதை சின்ன வயதிலேயே விழுந்திருக்கலாம். இது ஒரு தடயம்தான், தீர்ப்பு அல்ல.

இந்தியாவில் மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் இந்த நோய் மேற்கு நாடுகளைவிடக் குறைவு. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் 800 நோயாளிகளை வைத்து 2017-ல் வந்த ஆய்வில் சராசரி வயது சுமார் 47 என்று இருந்தது. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ‘இந்திய இளைஞர்களைத் தாக்கும் புற்றுநோய்’ என்று தலைப்பு போடுவது சுலபம். ஆனால் இந்தியாவின் மக்கள்தொகையே இளமையானது. பெரிய மருத்துவமனைக்குப் பயணம் செய்து வருபவர்களும் பெரும்பாலும் இளையவர்கள்தான். 75 வயது பாட்டியை மும்பைக்கு யார் அழைத்துப் போகிறார்கள்? சராசரி வயது குறைவாக இருப்பதில் இந்த இரண்டுக்கும் பங்கு உண்டு.

இருந்தாலும் ஒரு விஷயம் கவலைக்குரியது. அமெரிக்காவில் 2021-லேயே, அறிகுறி இல்லாதவர்களுக்கான பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50-லிருந்து 45 ஆகக் குறைத்துவிட்டார்கள். இந்தியாவின் தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் இருப்பது வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்கள். பெருங்குடல் அதில் இல்லை. எனவே இங்கே எந்த வயதுக்காரரையும் யாரும் கூப்பிட்டுப் பரிசோதிக்கப் போவதில்லை. அறிகுறிதான் ஒரே எச்சரிக்கை மணி.

சுவரெல்லாம் மூலம், பவுத்திரம்

அந்த மணியும் சரியாகக் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் ‘மூலம், பவுத்திரம் - ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்ற போர்டைப் பார்க்கலாம். ஒரு 32 வயது ஐடி ஊழியரை நினைத்துக்கொள்வோம். நாள் முழுக்க நாற்காலி, இரவு பிரியாணி, தண்ணீர் குடிக்க மறப்பவர். மலத்தில் ரத்தம் தெரிகிறது. கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மெடிக்கல் ஷாப்பில் ஒரு களிம்பு, இசப்கோல் பாக்கெட். இரண்டு வாரம் சரியானது போல இருக்கும், மறுபடி வரும். அடுத்து ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயம், இளநீர். ஆறு மாதம் ஓடிவிடும்.

நேர்மையாகச் சொன்னால், அந்த வயதில் ரத்தம் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது மூலம் அல்லது ஆசனவாய் வெடிப்புதான். பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை. சிக்கல் எங்கே என்றால், மூலம் என்பதை யாரும் பார்த்து உறுதி செய்யவில்லை என்பதில்தான். 50 வயதுக்குட்பட்ட பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் பற்றிய 81 ஆய்வுகளைத் தொகுத்து 2024-ல் வந்த அலசலில், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மலத்தில் ரத்தம் ஓர் அறிகுறியாக இருந்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் உறுதியாகும்வரை கடந்த காலம் 4 முதல் 6 மாதம்.

2023-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இளம் வயதில் நோய் வந்த 5 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பழைய மருத்துவப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு 3 மாதம் முதல் 2 ஆண்டு முன்பே நான்கு அறிகுறிகள் அந்தப் பதிவுகளில் தலைகாட்டியிருந்தன: வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், தொடர் வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை. ஒன்று இருந்தாலே அபாயம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மூன்று சேர்ந்துவிட்டால் ஆறு மடங்குக்கு மேல்.

நான்காவது அறிகுறியை, ரத்தசோகையைக் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும். பெண்கள் விஷயத்தில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். 34 வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8 என்று வந்தால், “மாதவிடாய் அதிகமா? சரியாச் சாப்பிடறதில்லையா?” என்று கேட்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுப்பதோடு முடிந்துவிடும். பல நேரம் அந்தக் கணிப்பு சரியாகவே இருக்கும். மாத்திரை எடுத்தும் ஏறவில்லை, மாதவிடாயும் சாதாரணம்தான் என்றால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்ற கேள்வி வர வேண்டும். ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவு வந்தால் அந்தக் கேள்வி முதல் நாளே வர வேண்டும்.

வயதுக்கு ஏற்ப அறிகுறி மாறுவதற்கு ஓர் உடற்கூறு காரணமும் இருக்கிறது. இளைஞர்களுக்குக் கட்டி பெரும்பாலும் இடப்பக்கத்திலோ மலக்குடலிலோ வருகிறது. அங்கே ரத்தம் கண்ணுக்குத் தெரியும், மலம் கழிக்கும் பழக்கம் மாறும். வயதானவர்களுக்கு வலப்பக்கக் கட்டிகள் அதிகம். வலப்பக்கம் குடல் அகலமாக இருப்பதாலும், மலம் அங்கே கூழ் போல இருப்பதாலும் கட்டி வளர்ந்தாலும் அடைப்பு சீக்கிரம் வராது. கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். தாத்தா ‘அசதியா இருக்கு, நடந்தா மூச்சு வாங்குது’ என்பார். இதய டாக்டரிடம் அழைத்துப் போவோம்.

ரத்தம் போகிறது என்று டாக்டரிடம் போனால் என்ன எதிர்பார்க்கலாம்? முதலில் விரலால் ஆசனவாய்ப் பரிசோதனை. கூச்சம்தான், இரண்டு நிமிடம். அது செய்யாமலே ‘பைல்ஸ்’ என்று எழுதிக்கொடுத்தால் இன்னொரு டாக்டரைப் பார்ப்பது நல்லது. பிறகு ஹீமோகுளோபின், இரும்புச்சத்து அளவு, தேவைப்பட்டால் கொலனோஸ்கோபி. இதில் கடினமான பகுதி முந்தைய நாள் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்வதுதான். பரிசோதனை மயக்க ஊசியோடு சுமார் அரை மணி நேரத்தில் முடியும். பாலிப் எனப்படும் சிறு வளர்ச்சிகள் பெரும்பாலும் அங்கேயே அகற்றப்படும். புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே தடுக்க முடிகிற வாய்ப்பு எல்லாப் புற்றுநோய்க்கும் கிடைப்பதில்லை.

தாங்குவான் என்பதற்காக எல்லாம் கொடுக்கலாமா?

நோய் உறுதியான பிறகு சிகிச்சையின் அடிப்படை எல்லா வயதுக்கும் ஒன்றுதான். முதல் நிலையில் அறுவை சிகிச்சை போதும். இரண்டாம் நிலையில் பெரும்பாலும் அறுவை சிகிச்சை மட்டும். குடல் அடைப்பு, துளை, கட்டி குடல்சுவரைத் தாண்டியது போன்ற ஆபத்தான அம்சங்கள் இருந்தால் கீமோ பற்றி யோசிப்பார்கள். மூன்றாம் நிலையில், அதாவது பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு கீமோ. நான்காம் நிலையில் மருந்துகள்தான் பிரதானம். கல்லீரலில் மட்டும் ஒன்றிரண்டு இடங்களில் பரவியிருந்தால் அங்கும் அறுவை சிகிச்சை செய்து சிலரை முழுமையாகக் குணப்படுத்த முடிகிறது.

இந்த வரிசையில் இளைஞர்களுக்கு மட்டும் ஒரு சாய்வு இருப்பதை 2015-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 18 முதல் 49 வயது நோயாளிகளை 65 முதல் 75 வயதுக்காரர்களோடு ஒப்பிட்டார்கள். எந்த நிலையில் இருந்தாலும் இளையவர்களுக்கே கூடுதல் கீமோ, கூடுதல் மருந்துக் கூட்டணி. கீமோ தேவையே சந்தேகமான ஆரம்ப நிலைகளிலும் இதே கதை. அந்தக் கூடுதல் மருந்துக்கு ஏற்றபடி ஆயுள் கூடியதா என்றால், பெரிதாக இல்லை.

இதன் விலை என்ன? பெருங்குடல் கீமோவின் முக்கிய மருந்துகளில் ஒன்று ஆக்ஸாலிபிளாட்டின். இது நரம்புகளைப் பாதிக்கும். சிகிச்சை நடக்கும்போது ஃபிரிட்ஜ் தண்ணீர் பாட்டிலைத் தொட்டாலே விரலில் ஷாக் அடித்தது போல இருக்கும். அது சில நாளில் போகும். ஆனால் மருந்து உடலில் சேரச் சேர, விரல் நுனியும் பாதமும் மரத்துப்போவது சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. 35 வயதுக்காரர் அந்த விரல்களோடு இன்னும் 25 ஆண்டு வேலை பார்க்க வேண்டும். திருப்பூரில் தையல் மெஷினில் உட்காருபவருக்கு, நகைப் பட்டறையில் கல் பதிப்பவருக்கு, கீபோர்டு தட்டுபவருக்கு விரல் நுனிதான் பிழைப்பு.

இங்கேதான் 2018-ல் வந்த ‘ஐடியா’ ஆய்வு முக்கியமாகிறது. 6 மருத்துவ ஆய்வுகள், 12,834 மூன்றாம் நிலை நோயாளிகள். வழக்கமான 6 மாத கீமோவுக்குப் பதில் 3 மாதம் போதுமா என்று பார்த்தார்கள். 3 ஆண்டுகள் நோயின்றி இருந்தவர்கள்: 6 மாதம் எடுத்தவர்களில் 75.5%, 3 மாதம் எடுத்தவர்களில் 74.6%. குறிப்பிடத்தக்க நரம்பு பாதிப்பு வந்தவர்கள்: 6 மாதக் குழுவில் 45 முதல் 48%, 3 மாதக் குழுவில் 14 முதல் 17%. மருந்துக் கூட்டணியைப் பொறுத்து முடிவு கொஞ்சம் மாறியது. ஆபத்து குறைவான மூன்றாம் நிலையில், கேப்பசிடாபின் மாத்திரையோடு ஆக்ஸாலிபிளாட்டின் ஊசி சேர்த்துக் கொடுத்தால் 3 மாதமே போதும் என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. கட்டி குடல்சுவரைத் தாண்டியிருந்தாலோ, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சுகளில் பரவியிருந்தாலோ 6 மாதம் பேசப்படும்.

ஆக, “எனக்கு 3 மாதமா, 6 மாதமா? ஏன்?” என்பது டாக்டரிடம் கேட்கத் தகுந்த கேள்வி. அதற்கான பதில் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கும். குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகளையாவது எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது உலக அளவில் உள்ள தரநிலை. 5 முடிச்சு மட்டும் பார்த்துவிட்டு ‘எதிலும் பரவவில்லை’ என்று எழுதியிருந்தால், அந்த ‘இல்லை’யை அப்படியே நம்ப முடியாது.

இளையவர்களுக்கு மட்டும் உள்ள இன்னொரு அவசரம், குழந்தை. கீமோ தொடங்கும் முன் விந்தணுவைச் சேமிக்க ஒருநாள் போதும். கருமுட்டைக்குச் சுமார் 2 வாரம் ஆகும். அறுவை சிகிச்சை முடிந்து 6 முதல் 8 வாரத்துக்குள் கீமோ தொடங்கினால் போதும் என்பதால் பலருக்கு அவகாசம் இருக்கிறது. கட்டி மலக்குடலில் இருந்து இடுப்புக்குக் கதிர்வீச்சு தேவைப்பட்டால் இந்தப் பேச்சு இன்னும் அவசரம், கருப்பையும் சூலகமும் நேரடியாக அதன் பாதையில் வருகின்றன. கல்யாணமாகாத மகனைப் பற்றி அப்பா, அம்மா முன்னால் டாக்டர் இதைப் பேசத் தயங்குவார். நோயாளியும் தயங்குவார். இருவரும் தயங்கிக்கொண்டிருக்கும்போதே முதல் டோஸ் ஏறிவிடும்.

ஒரே பரிசோதனை, வயதுக்கு ஒரு அர்த்தம்

பயாப்ஸி ரிப்போர்ட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொரு வரி, ‘எம்எம்ஆர்’ அல்லது ‘எம்எஸ்ஐ’. செல்கள் பெருகும்போது மரபணுவில் விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் அமைப்பு ஒன்று நம் உடலில் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை. பெருங்குடல் கட்டிகளில் சுமார் 15 சதவீதத்தில் அது பழுதாகியிருக்கும்.

40 வயதுக்காரருக்கு அது பழுது என்று வந்தால் முதல் சந்தேகம் ‘லிஞ்ச் சிண்ட்ரோம்’, பரம்பரையாக வரும் குறைபாடு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இருக்க 50% வாய்ப்பு. பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அபாயமும் சேர்ந்து வரும். அப்படிப்பட்ட குடும்பத்தில் 20-25 வயதிலிருந்தே ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி செய்யச் சொல்வார்கள். ஒருவரின் ரிப்போர்ட் தங்கையின் உயிரைக் காப்பாற்றலாம். 50 வயதுக்குட்பட்ட 450 நோயாளிகளைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வில் 16% பேருக்கு ஏதோ ஒரு பரம்பரை மரபணு மாற்றம் இருந்தது. அதனால்தான் இளம் நோயாளிகள் எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. பெண் பார்க்கும் நேரத்தில் ‘குடும்பத்துல இந்த வியாதி இருக்கு’ என்று தெரிந்துவிடுமே என்ற பயத்தில் பல வீடுகள் இதை மறைக்கின்றன என்பது தனிக்கதை.

அதே முடிவு 78 வயதுப் பாட்டிக்கு வந்தால் பெரும்பாலும் பரம்பரை இல்லை. வயதாக ஆக அந்தத் திருத்தும் மரபணு தானாக அணைந்துபோவதுதான் வழக்கமான காரணம். பேரப்பிள்ளைகள் பதற வேண்டியதில்லை. கூடுதலாக ஒரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

சிகிச்சையில் இருவருக்கும் இது நல்ல செய்தி. இரண்டாம் நிலையில் இருந்தால் பொதுவாக கீமோ தேவைப்படாது. நான்காம் நிலையில் இருந்தால் கீமோவுக்குப் பதில் இம்யூனோதெரபி. 2020-ல் வந்த ஆய்வில், இத்தகைய நோயாளிகளுக்கு பெம்ப்ரோலிசுமாப் மருந்து நோயை 16.5 மாதம் கட்டுப்படுத்தியது, கீமோ 8.2 மாதம். பக்கவிளைவும் குறைவு என்பதால் கீமோ தாங்க முடியாத முதியவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. விலைதான் மலை, சிகிச்சை முழுவதற்கும் பல லட்சங்கள் ஆகும். மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் இருக்கிறதா என்று மருத்துவமனையில் முதலிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

ஆதார் கார்டில் இருக்கும் வயதா, உடம்பின் வயதா?

இப்போது 75 வயது அப்பாவுக்கு வருவோம். ‘இந்த வயசுல கீமோவா?’ என்ற கேள்விக்கு 2001-லேயே ஒரு பதில் கிடைத்துவிட்டது. 7 ஆய்வுகளில் இருந்த 3,351 நோயாளிகளின் தகவல்களை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், 5-எஃப்யூ என்ற அடிப்படை கீமோ மருந்தால் 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் இளையவர்களுக்குக் கிடைத்த அதே பலன் கிடைத்தது. ஆய்வுகளில் சேர்க்கப்படும் முதியவர்கள் ஓரளவு திடமானவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. எல்லா 75 வயதுக்காரருக்கும் இது பொருந்தாது. ஆனால் 75 என்பதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அதேநேரம், இளையவருக்குக் கொடுப்பதையே அப்படியே கொடுப்பதும் சரியல்ல. ஆக்ஸாலிபிளாட்டினை நிலைநிறுத்திய ‘மொசைக்’ ஆய்வின் தகவல்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 70-ஐத் தாண்டியவர்களுக்கு அந்த மருந்தைச் சேர்த்ததால் தெளிவான கூடுதல் பலன் தெரியவில்லை. சர்க்கரை நோயால் ஏற்கெனவே பாதம் மரத்துப்போன ஒருவருக்கு, நம் ஊரில் அந்த வயதில் இது சாதாரணம், ஆக்ஸாலிபிளாட்டின் கொடுத்தால் நடையே தடுமாறும். பாத்ரூமில் விழுந்து இடுப்பு உடைந்தால் புற்றுநோயைவிட அது பெரிய பிரச்சினை ஆகிவிடும். கேப்பசிடாபின் மாத்திரை மட்டும் கொடுக்கலாம். அதற்கும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து டோஸ் குறைக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போவது சின்ன வேலைதான், ஆனால் அவசியம்.

நோய் பரவிவிட்ட, உடல் தளர்ந்த முதியவர்களுக்கு என்று பிரிட்டனில் ‘ஃபோகஸ்-2’ என்ற ஆய்வு நடந்தது. 459 பேர். முழு டோஸ் கொடுத்துவிட்டுத் தாங்காவிட்டால் குறைப்பதற்குப் பதிலாக, 80 சதவீதத்தில் தொடங்கி, தாங்கினால் கூட்டினார்கள். 2011-ல் முடிவு வெளியானது. முதியவர்களையும் ஆய்வில் சேர்க்க முடியும், அவர்களுக்கென்று அளந்து கொடுக்கவும் முடியும் என்பதைக் காட்டிய ஆய்வு அது.

யாருக்கு எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? நாற்காலியிலிருந்து எழுந்து, சில அடி நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது? மூன்று மாதத்தில் எடை குறைந்ததா? மருந்தைத் தானாக நினைவு வைத்துச் சாப்பிடுகிறாரா? வீட்டில் பகலில் யார் இருக்கிறார்கள்? இப்படிப்பட்ட கேள்விகளால் ஆனதுதான் முதியோர் நல மதிப்பீடு. டென்மார்க்கில், 70 வயதைத் தாண்டிய, உடல் தளர்ந்த பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் 142 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு இந்த மதிப்பீட்டைச் செய்து, சத்துணவு, தேவையற்ற மாத்திரைகளை நிறுத்துவது, உடற்பயிற்சி என்று சரிசெய்துகொண்டே கீமோ கொடுத்தார்கள். அந்தக் குழுவில் 45% பேர் திட்டமிட்ட கீமோவைக் குறைக்காமல், தள்ளிப்போடாமல் முடித்தார்கள். வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 28%. இதற்குப் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை. மருத்துவர்களின் நேரம் தேவைப்பட்டது. அதுதான் கூட்டம் நிரம்பிய நம் புறநோயாளிகள் பிரிவுகளில் கிடைக்காத சரக்கு.

அறுவை சிகிச்சையிலும் இதே கதைதான். வயதானவர் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனால், ஒருநாள் குடல் அடைத்து, வயிறு வீங்கி, நள்ளிரவில் ஆம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டிவரும். திட்டமிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சையைவிட அவசர அறுவை சிகிச்சையில் முதியவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. ‘அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாம்’ என்று எடுத்த முடிவே பெரிய கஷ்டத்தில் கொண்டுபோய் விடுகிறது.

வயது எதையும் மாற்றாத இடம் ஒன்றும் இருக்கிறது. 2025-ல் வெளியான ‘சேலஞ்ச்’ ஆய்வில், கீமோ முடித்த 889 நோயாளிகளில் ஒரு குழுவை, பயிற்சியாளர் மேற்பார்வையில் 3 ஆண்டுகள் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். பெரும்பாலும் வேக நடை, வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேரம் போல. 8 ஆண்டு கழித்து அந்தக் குழுவில் 90.3% பேர் உயிரோடு இருந்தார்கள். அறிவுரைப் புத்தகம் மட்டும் வாங்கிக்கொண்ட குழுவில் 83.2%. ஒரு கீமோ மருந்து இந்த வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் அதன் விலை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

“அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்”

புற்றுநோய் மருத்துவர் அறையின் கதவுக்கு வெளியே அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மகனும் மருமகளும் உள்ளே பேசுவார்கள். ‘குடல்ல புண்ணு, ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்’ என்று அவரிடம் சொல்லப்படும். பாசம்தான் காரணம். ஆனால் நான்காம் நிலையில் முடிவெடுக்க வேண்டியவை எல்லாம் அவர் ஒருவரால்தான் சொல்ல முடிகிற விஷயங்கள். 70 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ‘ஏவெக்ஸ்’ ஆய்வில், கேப்பசிடாபினோடு பெவாசிசுமாப் ஊசியும் சேர்த்தபோது நோய் கட்டுக்குள் இருந்த காலம் 5.1 மாதத்திலிருந்து 9.1 மாதமாகக் கூடியது. அதற்கு விலை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனை, ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு, ஊசிச் செலவு.

அந்த நான்கு மாதம் ஒருவருக்குப் பேத்தி கல்யாணத்தைப் பார்க்கிற காலம். இன்னொருவருக்கு அது ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து வார்டில் காத்திருக்கிற காலம். இரண்டில் எது என்று மகனுக்கோ டாக்டருக்கோ தெரியாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைத்தான் உள்ளே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.